தமிழ் மின்நூலகத் தளங்களை எல்லோரும் பயன்படுத்தும்படி அமைப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கல்லூரி நூலகங்கள், ஊர் வாசகசாலைகள், அறக்கட்டளைகள் எனப் பல இடங்களில் பழைய தமிழ் நூல்களை மின்னாக்கும் வேலை நடக்கிறது. தளம் அமைக்கும் கட்டம் வந்ததும் எழும் சந்தேகங்கள் பெரும்பாலும் ஒன்றாகவே இருக்கின்றன. கேட்டவர்களின் சொற்களிலேயே அவற்றைத் தொகுத்திருக்கிறோம். எளியவை முதலில், சிக்கலானவை பின்னால்.

புத்தகத்தை எல்லாம் ஸ்கேன் பண்ணி பி.டி.எஃப். ஆக ஏத்தியாச்சு. இது மின்நூலகம்தானே? இன்னும் என்ன வேணும்?

ஸ்கேன் செய்த பக்கம் ஒரு புகைப்படம்தான். அதில் எழுத்து இருப்பது கண்ணுக்குத் தெரியும், கணினிக்குத் தெரியாது. அதனால் அதைத் தேட முடியாது, திரைவாசிப்பானால் உரக்கப் படிக்க முடியாது. கைப்பேசியில் எழுத்தைப் பெரிதாக்கினால் வரி மடியாது, ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தை இடமும் வலமும் இழுத்துக்கொண்டிருக்க வேண்டும். படத்தோடு யூனிகோட் (எல்லாக் கருவிகளுக்கும் பொதுவான குறியாக்கம்) எழுத்தும் இருந்தால்தான் இவை நடக்கும்.

1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டம் நூல்களைத் தட்டச்சு செய்து எழுத்தாகவே வெளியிட்டது. அந்த நூல்களை இன்றும் எந்தக் கருவியிலும் படிக்கலாம், தேடலாம், கேட்கலாம். ஒவ்வொரு நூலையும் முழுக்கத் தட்டச்சு செய்ய எல்லாராலும் முடியாது. ஆனால் நூலின் பெயர், ஆசிரியர், ஆண்டு, பொருளடக்கம் ஆகிய நான்கையாவது எழுத்தாகத் தர முடியும். அதுகூட இல்லாத தொகுப்பில் நூல் இருந்தும் இல்லாததுதான்.

கண் தெரியாதவங்க வெப்சைட்டை எப்படிப் படிப்பாங்க? தமிழை அது படிக்குமா?

திரைவாசிப்பான் என்ற மென்பொருள் திரையில் உள்ள எழுத்தைக் குரலாக்கித் தரும். விண்டோஸில் என்.வி.டி.ஏ. இலவசம், ஜாஸ் கட்டணமுள்ளது. ஆண்ட்ராய்டில் டாக்பேக், ஐஃபோனில் வாய்ஸ்ஓவர். என்.வி.டி.ஏ.வோடு வரும் ஈஸ்பீக் குரலுக்குத் தமிழ் தெரியும், இயந்திரத்தனமாக இருந்தாலும் வேகமாகப் படிக்கும். விண்டோஸில் தமிழ் மொழித்தொகுப்பைச் சேர்த்தால் வள்ளுவர் என்ற குரலும், ஆண்ட்ராய்டில் கூகுளின் தமிழ்க் குரலும் கிடைக்கும்.

இதில் தளம் செய்ய வேண்டிய வேலை ஒன்று உண்டு. பக்கத்தின் மொழி தமிழ் என்பதை எச்.டி.எம்.எல்.லின் 'லாங்' பண்பில் குறிக்க வேண்டும். அதை ஆங்கிலம் என்றே விட்டுவிட்டால் ஆங்கிலக் குரல் தமிழ் எழுத்தைத் தாண்டிப் போய்விடும், அல்லது தாறுமாறாக உச்சரிக்கும். ஆயத்த வார்ப்புருக்கள் பலவற்றில் ஆங்கிலம்தான் முன்னிருப்பு. ஒரே வரியில் தீரும் இந்தத் தவறு, இருக்கும்வரை தளம் முழுவதையும் ஊமையாக்கிவிடும். ஆங்கிலப் பக்கத்தில் தமிழ்த் தலைப்பு வந்தால், அந்தத் தலைப்புக்கு மட்டும் தனியாகத் தமிழ் என்று குறிக்க வேண்டும்.

டபிள்யூ.சி.ஏ.ஜி., ஏஏ என்றெல்லாம் சொல்றாங்க. எது போதும்? சட்டப்படி கட்டாயமா?

டபிள்யூ.சி.ஏ.ஜி. என்பது இணைய உள்ளடக்கத்தை அணுகுவதற்கான உலகளாவிய நெறி. 2.1 பதிப்பு 2018இலும் 2.2 பதிப்பு 2023இலும் வந்தன. ஏ, ஏஏ, ஏஏஏ என்று மூன்று படிகள். நூலகத் தளத்துக்கு நடுப்படியான ஏஏ இலக்காக இருக்கட்டும். ஏஏஏ படியின் விதிகளை முடிந்த இடத்தில் சேர்த்துக்கொள்ளலாம். புதிதாகத் தொடங்குபவர்கள் 2.2ஐயே எடுத்துக்கொள்வது நல்லது.

இந்தியாவில் 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் மின்வழித் தகவலும் அணுகத்தக்கதாக இருக்க வேண்டும் என்கிறது. அரசுத் தளங்களுக்கான கையேட்டின் மூன்றாம் பதிப்பு 2023இல் வந்தது. அது டபிள்யூ.சி.ஏ.ஜி. 2.1இன் ஏஏ படியைக் கேட்கிறது. ஐ.எஸ். 17802 என்ற இந்தியத் தர நிர்ணயமும் இருக்கிறது. அரசு நிதி பெறும் நூலகம் தளம் கட்ட ஒப்பந்தம் போடும்போது இவற்றின் பெயரை ஒப்பந்தத்திலேயே எழுதிவிட வேண்டும். வேலை முடிந்த பிறகு கேட்டால் கூடுதல் பணம் கேட்பார்கள்.

முகப்புல என்ன வைக்கலாம்? நகர்ற படங்கள் வைக்கலாமா?

தேடல் பெட்டி, தொகுப்பில் என்னென்ன இருக்கிறது என்று இரண்டு வரி, பிறகு ஆசிரியர், பொருள், காலம், வகை என்று உலாவும் வழிகள். இவ்வளவு போதும். தானாக நகரும் படவரிசை வேண்டாம். 5 விநாடிக்கு மேல் தானாக நகரும் எதற்கும் நிறுத்தும் வசதி வேண்டும் என்பது அடிப்படைப் படியான ஏயிலேயே உள்ள விதி. தலைவர்களின் வாழ்த்துரைக்கும் திறப்புவிழாப் படங்களுக்கும் 'எங்களைப் பற்றி' பக்கம் இருக்கிறது. வாசகர் நூலைத் தேடி வந்திருக்கிறார்.

எந்த எழுத்துரு போடலாம்? என்ன அளவு?

நோட்டோ சான்ஸ் தமிழ், முக்தா மலர், ஹிந்த் மதுரை, கேட்டமரான் ஆகியவை இலவசமாகக் கிடைக்கும், நன்றாகத் தெரியும் எழுத்துருக்கள். நீண்ட வாசிப்புக்கு நோட்டோ செரிஃப் தமிழும் பொருந்தும். ஆங்கிலத்துக்கு 16 பிக்சல் போதும் என்ற பழக்கத்தைத் தமிழுக்குக் கொண்டுவர வேண்டாம். ணை, ஞு, ழூ போன்ற எழுத்துகளின் சுழிகள் அந்த அளவில் ஒட்டிக்கொள்ளும். உரைக்கு 18 பிக்சல், வரி உயரம் 1.6 முதல் 1.8 மடங்கு என்று தொடங்குங்கள். மேலே புள்ளியும் விலங்கும் கீழே சுழியும் நீள்வதால் வரிகளை நெருக்கினால் ஒன்றோடொன்று முட்டும். அளவை 'ரெம்' அலகில் கொடுத்தால் வாசகர் தன் உலாவியில் வைத்திருக்கும் எழுத்தளவு மதிக்கப்படும்.

சாய்வெழுத்து தமிழுக்குப் பொருந்தாது. பெரும்பாலான எழுத்துருக்களில் அது கிடையாது, உலாவி வலிந்து சாய்க்கும். நூற்பெயரைத் தடித்த எழுத்திலோ மேற்கோள் குறியிலோ காட்டலாம். எழுத்துருக் கோப்பைச் சிறிதாக்க வெட்டும்போது எழுத்து இணைப்பு விதிகளையும் சேர்த்து வெட்டிவிடுபவர்கள் உண்டு. 'கொ' என்பதில் கொம்பு தன் இடத்தை விட்டு விலகி நின்றால் காரணம் அதுதான்.

பொத்தான்களுக்கு நிலையான அகலம் வைக்காதீர்கள். ஆங்கிலத்தில் எட்டெழுத்தில் முடியும் சொல் தமிழில் 'பதிவிறக்கம் செய்க' என்று நீளும். நீளமான தலைப்பை வெட்டி மூன்று புள்ளி போடும் நிரலையும் கவனியுங்கள். குறியெண்ணை (எழுத்தின் ஒவ்வொரு துண்டுக்கும் கணினி வைத்திருக்கும் எண்) எண்ணி வெட்டினால் 'கோ' பாதியில் அறுந்து 'க' ஆகிவிடும். எழுத்து எல்லை பார்த்து வெட்ட வேண்டும். ஜாவாஸ்கிரிப்டில் அதற்கு இன்டல் செக்மென்டர் இருக்கிறது.

பழைய புத்தகம் மாதிரி பழுப்பு நிறத்துல தளம் வேணும்னு எங்க தலைவர் சொல்றார்.

செய்யலாம், எழுத்துக்கும் பின்னணிக்கும் உள்ள வேறுபாடு 4.5க்கு 1 என்ற விகிதத்துக்குக் குறையாமல் இருந்தால். பெரிய தலைப்புகளுக்கும் பொத்தானின் ஓரத்துக்கும் 3க்கு 1 போதும். வெள்ளைப் பின்னணியில் #767676 என்ற சாம்பல் நிறம் கிட்டத்தட்ட கடைசி எல்லை. பழுப்பு மேல் பழுப்பு அனேகமாகத் தேறாது. மெல்லிய கோடுள்ள தமிழ் எழுத்துக்கு இன்னும் கூடுதலாகவே வைப்பது நல்லது. இணைப்புகளை நிறத்தால் மட்டும் காட்டாமல் அடிக்கோடும் இடுங்கள்.

எங்க பழைய அட்டவணை பாமினியில இருக்கு. அந்த எழுத்துருவையே தளத்துல ஏத்திட்டா தெரியுதே, போதாதா?

தெரிவது கண்ணுக்கு மட்டும். பாமினி, டிஸ்கி, டாம், டாப் போன்ற பழைய குறியாக்கங்களில் உள்ளே கிடப்பவை ஆங்கில எழுத்துகளும் குறிகளும். திரைவாசிப்பான் அவற்றை அப்படியே படிக்கும், கூகுளும் அப்படியே பதிவு செய்யும். யூனிகோடுக்கு மாற்றியே ஆக வேண்டும். என்.எச்.எம். கன்வெர்ட்டர் போன்ற இலவசக் கருவிகள் மொத்தமாக மாற்றித் தரும். பைத்தானில் வேலை செய்பவர்களுக்கு ஓப்பன் தமிழ் தொகுப்பு உதவும்.

மாற்றிய பிறகு மூன்று பிழைகளைத் தேடித் திருத்துங்கள். பழைய எழுத்துருக்களில் துணைக்காலையே ரகரமாகத் தட்டியிருப்பார்கள், அதனால் 'ர்' வரவேண்டிய இடத்தில் துணைக்கால் மேல் புள்ளி நிற்கும். 'சௌ' என்பதில் ஔகாரக் குறிக்குப் பதிலாக ஒற்றைக் கொம்பும் ளகர எழுத்தும் தனித்தனியாக இருக்கும். பார்வைக்கு இரண்டும் ஒன்றே, தேடினால் கிடைக்காது. கலப்புப் பதிவுகளில் ஆங்கிலப் பெயர்களும் சேர்ந்து மாறி அர்த்தமற்ற தமிழாகியிருக்கும். மூலக் கோப்பை அழித்துவிடாமல் தனியே வைத்திருங்கள்.

ஓ.சி.ஆர். போட்டா ஏகப்பட்ட தப்பு வருது. தப்போடவே வெளியிடலாமா, இல்ல திருத்தின பிறகுதானா?

ஓ.சி.ஆர். என்பது படத்திலுள்ள எழுத்தைப் படித்துக் கணினி எழுத்தாக்கும் எழுத்துணரி. அது தந்ததை வெளியிடலாம், நிலையைச் சொல்லிவிட்டு. 'இயந்திரம் படித்தது, சரிபார்க்கப்படவில்லை' என்று எழுத்தின் தொடக்கத்திலேயே இருக்கட்டும். விக்கிமூலத்தில் பக்கத்துக்குப் பக்கம் நிறம் மாறும். மெய்ப்புப் பார்க்காதது சிவப்பு, பார்த்தது மஞ்சள், இரண்டாமவரும் சரிபார்த்தது பச்சை. நல்ல ஏற்பாடு. உங்கள் தளத்தில் நிறத்தோடு சொல்லும் சேர்ந்து வர வேண்டும். பிழையுள்ள எழுத்தும் தேடலுக்கு உதவும், ஒன்றுமே இல்லாததைவிட மேல். ஆனால் மேற்கோள் காட்ட வருபவர் ஏமாறக் கூடாது.

பிழை எங்கிருந்து வருகிறது என்று தெரிந்தால் பாதியைத் தடுக்கலாம். 1978இல் தமிழ்நாடு அரசு எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்கும்வரை ணா, றா, னா ஆகியவற்றுக்கும் ணை, லை, ளை, னை ஆகியவற்றுக்கும் வேறு வடிவங்கள் அச்சில் இருந்தன. புதிய எழுத்தில் மட்டும் பயிற்சி பெற்ற எழுத்துணரி துதிக்கை வைத்த லை, னைகளை வேறெதுவாகவோ படிக்கும். ஒவ்வொரு அச்சகத்துக்கும் அந்தப் பிழைகள் ஒரே மாதிரி திரும்ப வருவதால் பட்டியல் போட்டு மொத்தமாக மாற்றலாம். தமிழ் எண்கள் இன்னொரு கண்ணி: ௧ என்ற எண்ணும் க என்ற எழுத்தும், ௨வும் உவும், ௭வும் எவும், ௮வும் அவும் அச்சில் பிரித்தறிய முடியாதவை. பாட்டு எண்களும் பக்க எண்களும் எழுத்தாகிவிடும், சொல்லின் முதலெழுத்து எண்ணாகிவிடும். சொல்லுக்குள் தமிழ் எண் வந்தால் அடையாளம் காட்டும் சிறு நிரல் ஒன்று பெரும் உழைப்பை மிச்சப்படுத்தும்.

ஸ்கேன் எடுக்கும்போதே அங்குலத்துக்கு 300 புள்ளி அடர்த்திக்குக் குறையாமல் எடுங்கள். சிறிய எழுத்துள்ள உரைநூல்களுக்கு 400. டெசராக்ட் இலவசம், தமிழ் படிக்கும். கூகுளின் கருவி பொதுவாகப் பிழை குறைவாகத் தரும். எதுவானாலும் இரண்டு பத்தியாக அச்சான இதழ்களில் வரி குறுக்கே ஓடுகிறதா என்று பாருங்கள். அது நடந்திருந்தால் திரைவாசிப்பானில் கேட்பவருக்கு இரண்டு கட்டுரைகள் பின்னிக்கொண்டு கேட்கும்.

புத்தகம் தளத்துல இருக்கு. தேடினா வர மாட்டேங்குது. ஏன்?

தமிழ்த் தளங்களில் மிக அதிகமாகக் கைவிடப்படும் பகுதி தேடல். முதல் காரணம் குறியெண். 'கொ' என்பதை ஒகரக் குறி ஒன்றாலும் எழுதலாம், ஒற்றைக் கொம்பும் துணைக்காலும் சேர்த்தும் எழுதலாம். யூனிகோடின் என்.எஃப்.சி. என்ற சீராக்கம் இவ்விரண்டையும் ஒன்றாக்கும். சேமிக்கும்போதும் தேடும்போதும் அதைச் செய்யுங்கள். ஆனால் முன்பு சொன்ன ளகர ஔகாரத்தை அது திருத்தாது. 'ஸ்ரீ' என்பதற்கும் இரண்டு எழுத்து வரிசைகள் புழங்குகின்றன, ஸகரத்தில் தொடங்குவது ஒன்று, ஶகரத்தில் தொடங்குவது மற்றொன்று. திரையில் ஒரே வடிவம். சீராக்கமும் இரண்டையும் இணைக்காது. கண்ணுக்குத் தெரியாத இணைப்புத் தடைக் குறிகளும் சொல்லுக்குள் ஒளிந்திருக்கும். இம்மூன்றுக்கும் சொந்த விதி எழுத வேண்டும்.

இரண்டாவது, எழுதும் வழக்கம். 'தமிழ்ப் பண்பாடு' என்று அச்சில் இருக்கும், வாசகர் 'தமிழ் பண்பாடு' என்று தேடுவார். சொல் முடிவில் வரும் க், ச், த், ப் ஆகிய ஒற்றுகளைத் தேடல் அட்டவணையில் நீக்கிவைத்தால் இரண்டும் பொருந்தும். ஸ-ச, ஜ-ச, ஷ-ட, ஹ-க என்ற மாற்றங்களுக்கும் இணைவிதி வேண்டும். சுவாமிநாத, சாமிநாத, ஸ்வாமிநாத மூன்றும் ஒருவரே. ஐயர், அய்யர் என்பதும் அப்படியே. ஆசிரியர்களுக்கு இதைத் தேடல் விதியால் மட்டும் சமாளிக்க முடியாது. ஒருவருக்கு ஒரு அடையாள எண், அதன் கீழ் அவருடைய எல்லாப் பெயர் வடிவங்களும் புனைபெயர்களும் என்று ஆசிரியர் கோப்பு வைக்க வேண்டும். முதலெழுத்துகளுக்கு நடுவில் புள்ளியும் இடைவெளியும் எப்படி இருந்தாலும் பொருந்த வேண்டும்.

மூன்றாவது, வேற்றுமை உருபு. 'புத்தகம்' என்று தேடினால் 'புத்தகத்தில்', 'புத்தகங்களை' வராது. ஸ்னோபால் தொகுப்பில் தமிழுக்கான அடிச்சொல் நிரல் உண்டு. எல்லாச் சொல்லுக்கும் அது சரியாக வெட்டாது; ஆகவே அச்சொட்டான பொருத்தத்துக்கு அதிக மதிப்பு, அடிச்சொல் பொருத்தத்துக்குக் குறைந்த மதிப்பு என்று வரிசைப்படுத்துங்கள். தமிழ் விசைப்பலகை இல்லாதவர்கள் ஆங்கில எழுத்திலும் தேடுவார்கள். தலைப்புக்கும் ஆசிரியருக்குமாவது ஒலிபெயர்ப்பு வடிவம் சேர்த்துவையுங்கள், அறிஞர்கள் கையாளும் ஐ.எஸ்.ஓ. 15919 முறையிலும் சாதாரண வழக்கிலும்.

எதுவும் கிடைக்காதபோது வெறும் வெள்ளைப் பக்கம் காட்ட வேண்டாம். நெருங்கிய சொற்களைக் காட்டுங்கள், எழுத்தாக்கப்படாத நூல்களின் உள்ளே தேட முடியாது என்பதையும் சொல்லுங்கள். முடிவு எண்ணிக்கை மாறும்போது திரைவாசிப்பான் அறிவிக்கும்படி அந்த வரியை நிலைச் செய்தியாகக் குறிக்க வேண்டும்.

அகரவரிசைப் பட்டியல்ல 'மறதி' முன்னாடி வந்து 'மலர்' பின்னாடி வருது. தளம் கட்டினவர் 'கம்ப்யூட்டர் அப்படித்தான்' என்கிறார்.

அவர் குறியெண் வரிசையில் அடுக்கியிருக்கிறார். யூனிகோடில் றகரம் ரகரத்தை அடுத்தும், னகரம் நகரத்தை அடுத்தும், ஜகரம் சகரத்தை அடுத்தும் நிற்கின்றன. புள்ளிக்குறி எல்லா உயிர்க்குறிகளுக்கும் பின்னால் வருவதால் 'கலை'க்குப் பிறகு 'கல்' வரும். நம் அகராதிகளில் கல் முதலில், கலை பிறகு.

ஐ.சி.யு. என்ற மென்பொருள் நூலகத்தில் தமிழ் வரிசை ஆயத்தமாக இருக்கிறது. போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்திலும் ஜாவாஸ்கிரிப்டின் இன்டல் கொலேட்டரிலும் மொழியைத் தமிழ் என்று கொடுத்தால் போதும். கல், கலை, மயில், மலர், மறதி, மனம், ஜன்னல் என்ற ஏழு சொற்களைக் கொடுத்துப் பாருங்கள். இதே வரிசையில் திரும்பி வந்தால் சரி.

புத்தகத்துல 'தாது வருஷம் சித்திரை'ன்னு மட்டும் இருக்கு. ஆண்டு கட்டத்துல என்ன போடுறது?

தமிழ் ஆண்டுப் பெயர் 60 ஆண்டுக்கு ஒருமுறை திரும்பும். தாது 1876-77ஆகவும் இருக்கலாம், 1936-37ஆகவும் இருக்கலாம். தாள், அச்சகம், முன்னுரையில் வரும் பெயர்கள் ஆகியவற்றைக் கொண்டு எந்தச் சுற்று என்று முடிவு செய்ய வேண்டும். சித்திரை ஏப்ரல் நடுவில் பிறப்பதால், மாதம் தெரியாதபோது ஒரே ஆண்டாக எழுதாமல் 1876/1877 என்று வீச்சாகப் பதியுங்கள். கொல்லம் ஆண்டுடன் 824 அல்லது 825ஐக் கூட்ட வேண்டும், சக ஆண்டுடன் 78 அல்லது 79ஐ. திருவள்ளுவர் ஆண்டிலிருந்து 31ஐக் கழிக்க வேண்டும்.

இரண்டு கட்டங்கள் வையுங்கள். ஒன்றில் நூலில் உள்ளபடி, மற்றொன்றில் கணினி வரிசைப்படுத்தும் ஆண்டு. ஐயமானால் 1876?, தோராயமானால் 1880~ என்று குறிக்கும் முறை ஐ.எஸ்.ஓ. 8601இன் இரண்டாம் பகுதியில் இருக்கிறது. வாசகர் பக்கத்தில் அந்தக் குறிகளைக் காட்டாமல் '1880ஐ ஒட்டி' என்று சொல்லால் காட்டுங்கள்.

பக்கம் புரட்டுற மாதிரி எஃபெக்ட் போட்டா அழகா இருக்குமே?

அழகு சில நொடிகளில் தீர்ந்துவிடும், இடைஞ்சல் மிஞ்சும். பெரும்பாலான புரட்டும் காட்டிகள் விசைப்பலகையால் இயங்காது, எழுத்தைக் காட்டாது, கைப்பேசியில் இரண்டு பக்கத்தைச் சேர்த்துக் காட்டி இரண்டையும் படிக்க முடியாமல் செய்யும். அசைவு சிலருக்குத் தலைசுற்றலையே தரும். இழுத்துத்தான் புரட்ட முடியும் என்றால் அது டபிள்யூ.சி.ஏ.ஜி. 2.2 பதிப்பின் ஏஏ விதியை மீறுவது. இழுப்பதற்கு மாற்றாக ஒற்றை அழுத்தில் வேலை செய்யும் பொத்தான் வேண்டும் என்கிறது அந்த விதி.

டிரிபிள் ஐ.எஃப். என்ற பொதுத் தரத்தில் படங்களை வையுங்கள். பெரிய படத்தைச் சிறு ஓடுகளாக வெட்டி, திரையில் தெரியும் பகுதியை மட்டும் அனுப்பும் முறை அது. மிராடார், யுனிவர்சல் வியூவர், ஓப்பன்சீட்ராகன் ஆகிய காட்டிகள் இலவசம். முந்தைய பக்கம், அடுத்த பக்கம், பக்க எண் இடும் பெட்டி, பெரிதாக்கு, எழுத்தைக் காட்டு ஆகிய ஐந்தும் உண்மையான பொத்தான்களாக இருக்க வேண்டும். அளவு 24 பிக்சல் சதுரத்துக்குக் குறையக் கூடாது, விரலுக்கு 44 வசதி. நூலின் அச்சுப் பக்க எண்ணும் படத்தின் வரிசை எண்ணும் வேறு; இரண்டையும் காட்டாவிட்டால் 'பக்கம் 45 பார்க்க' என்ற மேற்கோள் வேறெங்கோ கொண்டுபோய் விடும்.

அப்ப பி.டி.எஃப். கொடுக்கவே வேண்டாமா?

கொடுங்கள். இணைப்பு அறுந்து அறுந்து வரும் ஊர்களில் அதுதான் கைகொடுக்கும். ஒரே வழியாக மட்டும் அது இருக்கக் கூடாது. ஒரு பக்கம் 200 கே.பி. என்றாலும் 300 பக்க நூல் 60 எம்.பி. ஆகும். இணைப்பின் பெயரிலேயே அளவைச் சொல்லிவிடுங்கள்: 'பி.டி.எஃப்., 60 எம்.பி.'. அத்தியாயம் அத்தியாயமாகவும் எடுக்க முடிந்தால் நல்லது.

உள்ளே எழுத்து அடுக்கு, ஆவண மொழி, தலைப்பு, அத்தியாய அடையாளக்குறிகள் வேண்டும். முழு அணுகலுக்கு பி.டி.எஃப்./யு.ஏ. என்ற தரம் இருக்கிறது. தமிழ் பி.டி.எஃப்.பிலிருந்து ஒரு பத்தியை நகலெடுத்து ஒட்டிப் பாருங்கள். கொம்புகள் இடம் மாறியோ பெட்டிகளாகவோ வந்தால் திரைவாசிப்பானுக்கும் அப்படித்தான் போகும். மெய்ப்புப் பார்த்த எழுத்து கைவசம் இருக்கும் நூல்களுக்கு ஈபப் வடிவமே சிறந்தது. கோப்பு சிறியது, வரி மடியும், எழுத்தைப் பெரிதாக்கலாம்.

ஓலைச்சுவடிக்கும் போட்டோவுக்கும் மாற்று உரை என்னன்னு எழுதறது?

புகைப்படத்துக்கு: யார், எங்கே, எப்போது, என்ன நடக்கிறது என்று ஓரிரு வரிகள். 'பழைய படம்', 'ஐ.எம்.ஜி. 0043' என்பவை பயன்படாது. படத்தின் கீழேயே விரிவான விளக்கம் இருந்தால் மாற்று உரை சுருக்கமாக இருக்கட்டும். ஒரே வாக்கியத்தை இரண்டு முறை கேட்க வைக்காதீர்கள். எழுத்தாக்கப்பட்ட நூற்பக்கத்தின் படத்துக்கு 'பக்கம் 12, எழுத்து கீழே' என்பது போதும்.

ஓலைக்கு: சுவடியின் பெயர், ஏட்டெண், முன்பக்கமா பின்பக்கமா, எத்தனை வரி, எங்கே முறிந்தோ பூச்சி அரித்தோ இருக்கிறது. பழைய சுவடிகளில் புள்ளி இராது, எ-ஏ, ஒ-ஓ வேறுபாடும் இராது. ஆகவே சுவடியில் உள்ளபடி ஒன்று, படிப்பதற்கேற்பப் பிரித்துப் புள்ளியிட்டு ஒன்று என்று இரண்டு எழுத்தாக்கம் தேவை. திரைவாசிப்பானுக்கும் தேடலுக்கும் இரண்டாவதைக் கொடுங்கள். இன்னொன்று: முழு ஓலையைச் சிறுபடமாக்கினால் ஒரு நூலிழைதான் தெரியும். இடப்பக்க முனையை மட்டும் வெட்டிச் சிறுபடமாக்குங்கள்.

பெரியவங்க பேட்டி ஒலிப்பதிவு நிறைய இருக்கு. அதுக்கு?

முழு எழுத்தாக்கம், நேரக்குறியோடு. ஒளிப்பதிவானால் வசன வரியும் வேண்டும். பேச்சைப் பேசியபடியே எழுதுங்கள், வட்டார வழக்கைத் திருத்த வேண்டாம், அதுதான் அந்தப் பதிவின் செல்வம். ஆனால் 'கெணறு' என்று எழுதினால் 'கிணறு' என்று தேடுபவருக்குக் கிடைக்காது. எழுத்து வழக்கில் குறிச்சொற்களைத் தனியே சேருங்கள். பதிவு தானாக ஓடத் தொடங்கக் கூடாது. திரைவாசிப்பானின் குரலை அது அமுக்கிவிடும்.

முகவரியிலயே நூல் பெயர் தமிழ்ல வர்ற மாதிரி வைக்கலாமா?

உலாவியில் அழகாகத் தெரியும். நகலெடுத்து ஒட்டும்போது ஒவ்வொரு குறியும் ஒன்பது எழுத்தாக விரியும். 'தமிழ்' என்ற ஐந்து குறியுள்ள சொல் 45 எழுத்தாகும். எழுத்துப்பிழையைத் திருத்தினால் பழைய இணைப்பு அறும். நூலுக்கு ஓர் எண், அதுவே நிலையான முகவரி, மென்பொருள் மாறினாலும் மாறாதது. ஆர்க், ஹேண்டில் ஆகிய முறைகள் இதற்கென்றே உள்ளன. பக்கத்துக்குப் பக்கம் தனி முகவரியும், 'மேற்கோள் நகலெடு' பொத்தானும் இருந்தால் ஆய்வாளர்கள் வாழ்த்துவார்கள்.

ஒரு விட்ஜெட் போட்டா தளம் தானா அணுகத்தக்கதா ஆயிடும்னு விக்கிறாங்களே?

ஆகாது. எழுத்தைப் பெரிதாக்குவதும் நிறத்தை மாற்றுவதும் வாசகரின் கருவியிலேயே இருக்கின்றன. படத்துக்குள் சிறைப்பட்ட எழுத்தையோ பெயரில்லாத பொத்தானையோ மேலே ஒட்டும் நிரல் நம்பகமாகச் சரிசெய்யாது, சில வேளை திரைவாசிப்பானோடு மோதவும் செய்யும். இப்படி வாக்குக் கொடுத்து விற்ற ஒரு நிறுவனம் 10 லட்சம் டாலர் செலுத்தும்படி அமெரிக்கக் கூட்டாட்சி வணிக ஆணையம் 2025இல் செய்தது. விட்ஜெட்டுக்குக் கொடுக்கும் பணத்தில் ஒரு மெய்ப்பாளரை வையுங்கள்.

காப்புரிமை இருக்கிற நூலைப் பார்வையற்ற வாசகர் கேட்டா கொடுக்கலாமா?

இந்தியாவில் ஆசிரியர் இறந்து 60 ஆண்டுவரை காப்புரிமை. ஆனால் 2012 திருத்தத்தில் சேர்ந்த 52(1)(இசட்.பி.) பிரிவு, மாற்றுத்திறனாளிகளுக்காக அணுகத்தக்க வடிவம் தயாரித்துக் கொடுப்பதை அனுமதிக்கிறது. அரசு அங்கீகாரம் பெற்ற நூலகங்களும் இதில் அடங்கும். லாப நோக்கு கூடாது, தயாரிப்புச் செலவை மட்டும் பெறலாம், பிரதி பொதுச் சந்தைக்குப் போகாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். அச்சு வாசிக்க இயலாதோருக்கான மராகேஷ் உடன்படிக்கையை 2014இல் முதலில் ஏற்புறுதி செய்த நாடு இந்தியா.

ஆகவே அந்த நூல்களைத் தளத்திலிருந்து மறைக்காதீர்கள். நூலின் விவரம் எல்லாருக்கும் தெரியட்டும், அணுகத்தக்க பிரதி கேட்கும் படிவம் அதே பக்கத்தில் இருக்கட்டும். படிவத்தில் சாய்ந்த எழுத்தைப் பார்த்துத் தட்டச்சு செய்யும் கேப்சா வேண்டாம். சுகம்ய புஸ்தகாலயா என்ற நாடளாவிய மின்நூலகத்தில் அந்த நூல் ஏற்கெனவே இருக்கிறதா என்று முதலில் பாருங்கள், ஒரே உழைப்பு இரண்டு முறை வேண்டாம்.

எல்லாம் செஞ்சாச்சு. சரியா இருக்கான்னு எப்படிப் பார்க்கிறது?

எலியை எடுத்து ஓரமாக வைத்துவிட்டு டேப், என்டர், அம்பு விசைகளால் ஒரு நூலைத் தேடி, திறந்து, பத்தாம் பக்கம் போய், பதிவிறக்கிப் பாருங்கள். எங்கே நிற்கிறோம் என்று ஒவ்வொரு அடியிலும் கண்ணுக்குத் தெரிய வேண்டும். அடுத்து, 1280 பிக்சல் அகலச் சாளரத்தில் 400 விழுக்காடு பெரிதாக்குங்கள். உரை 320 பிக்சலில் மடிந்து நிற்க வேண்டும், பக்கவாட்டில் உருளக் கூடாது. நூற்பக்கப் படத்துக்கு மட்டும் இதில் விலக்கு. பிறகு என்.வி.டி.ஏ.வைப் போட்டுத் திரையை அணைத்துவிட்டுக் கேளுங்கள். வேவ், ஆக்ஸ் போன்ற தானியங்கிக் கருவிகள் நிறவேறுபாடு, மாற்று உரை இல்லாமை போன்றவற்றைப் பிடிக்கும். மாற்று உரை உண்மையா, எழுத்து தமிழா என்பது அவற்றுக்குத் தெரியாது.

இதற்கு மேல், பார்வையற்ற வாசகர் ஒருவர், முதியவர் ஒருவர், விலை குறைந்த கைப்பேசி வைத்திருக்கும் மாணவர் ஒருவர் என மூவரையாவது உட்காரவைத்து ஒரு நூலைத் தேடச் சொல்லுங்கள். நேரத்துக்கு உரிய ஊதியம் கொடுங்கள். இடையில் வழிகாட்டாதீர்கள். அவர்கள் தயங்கும் இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள், அந்த இடம்தான் திருத்த வேண்டியது.

எங்ககிட்ட ஒரு ஆள்தான், பணமும் இல்ல. எதை முதல்ல செய்றது?

மொழிக் குறியீடு, நிறவேறுபாடு, எழுத்தளவு, பொத்தான்களுக்குப் பெயர்: இவை வார்ப்புருவில் ஒருமுறை திருத்தினால் தளம் முழுக்கச் சேரும், சில நாள் வேலை. அடுத்து விவரப் பதிவுகளை யூனிகோடாக்கிச் சீராக்குங்கள். அதன்பின் தேடலுக்கு என்.எஃப்.சி.யும் ஒற்று நீக்கமும். இவ்வளவும் முடிந்த பிறகு ஓ.சி.ஆர்., அதையும் வாசகர் அதிகம் திறக்கும் நூல்களிலிருந்து. எவை என்று தளத்தின் பதிவேடே சொல்லும்.

தளத்தின் அடியில் 'படிக்க முடியவில்லையா? எங்களிடம் கேளுங்கள்' என்று ஒரு மின்னஞ்சலும் தொலைபேசி எண்ணும் இருக்கட்டும். எழுத்தாக்கப்படாத நூலை ஒருவர் கேட்டால் அந்த நூலை வரிசையில் முன்னே நகர்த்துங்கள், எத்தனை நாளில் கிடைக்கும் என்று பதில் எழுதுங்கள்.